குளிர்ந்த தண்ணீரில் பாஸ் மீன்: தூண்டில் ராட்டை விட நரம்பு முக்கியம், நரம்பை விட நிறுத்தி வைப்பது முக்கியம்

நீங்கள் கேட்டது இது: கோடையிலும் இலையுதிர் காலத்திலும் ஏழு அடி மீடியம் ஹெவி (சற்று விறைப்பான) ராட், அதாவது தூண்டில் கோல், பெயிட்காஸ்டர் ரீல் (ஸ்பூலே சுழலும் வகை), 17 பவுண்ட் தாங்கும் மோனோ (நைலான்) நரம்பு, முனையில் ஸ்பின்னர்பெயிட் (சுழலும் தகடு மாட்டிய செயற்கை இரை). இதை வைத்தே லார்ஜ்மவுத் பாஸ் என்ற வட அமெரிக்க நன்னீர் மீனை நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். தண்ணீரின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, அதாவது 50 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கியதும் ஒரு கடி கூட இல்லை. புது ராட் வாங்க வேண்டுமா, எந்தக் கம்பெனி நல்லது, இல்லை வசந்தம் வரும்வரை எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிடலாமா? பெரும்பாலும் கரையிலிருந்துதான் வீசுகிறீர்கள், எப்போதாவது நண்பரின் படகு.

மூட்டை கட்ட வேண்டாம். ராட் வாங்குவதற்கும் அவசரமில்லை. முதலில் நரம்பு, அடுத்தது இரை, அதற்கும் மேலாக உங்கள் கை வேகம். இந்த வரிசையில் மாற்றினால் கைவசம் இருப்பதை வைத்தே பாதி வேலை முடிந்துவிடும்.

பாஸின் உடல் வெப்பம் சுற்றியிருக்கும் தண்ணீரின் வெப்பம்தான். தண்ணீர் குளிர்ந்தால் செரிமானம் மந்தமாகிறது, சாப்பிட்டது வயிற்றில் பல நாள் தங்குகிறது, அதனால் அடுத்த வேளைக்கு அவசரமில்லை. இருந்தாலும் அது பட்டினி கிடப்பதில்லை. பனி உறைந்த ஏரியில் துளை போட்டு லார்ஜ்மவுத் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். நின்றுபோவது துரத்தல். ஜூலையில் பத்தடி தள்ளிப் போகும் ஸ்பின்னர்பெயிட்டைப் பாய்ந்து வந்து அடித்த அதே மீன், ஜனவரியில் மூக்குக்கு முன்னால் ஒன்று அசையாமல் நின்றால்தான் வாய் திறக்கும். குளிர்காலத் தூண்டில் சாமான் எல்லாவற்றையும் இந்த ஒரு அளவுகோலில் பாருங்கள்: இரையை மீனின் முகத்துக்கு எதிரே அதிக நேரம் நிறுத்தி வைக்க இது உதவுகிறதா, இல்லையா?

சரி, மீன் எங்கே இருக்கும்? தண்ணீர் மிக அடர்த்தியாக இருப்பது 4 டிகிரி செல்சியஸில். இலையுதிர் காலத்தில் மேற்பரப்பு குளிர்ந்து, கனத்து, கீழே இறங்கும். ஏரி முழுவதும் கலங்கி மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே வெப்பத்துக்கு வரும். கோடையில் இருந்த அடுக்கு கலைந்துவிடுவதால் மீன் எந்த ஆழத்துக்கும் போகலாம். குளிர் இன்னும் கூடி மேற்பரப்பு 4 டிகிரிக்கும் கீழே போனால், அந்தக் குளிர்ந்த தண்ணீர் லேசானது என்பதால் மேலேயே நிற்கும். அடியில்தான் கொஞ்சம் கதகதப்பு. அதனால் பாஸ் விரும்புவது செங்குத்தான இடங்களை. ஆழத்திலிருந்து மேட்டுக்கு வர ஒரு வாலசைப்பு போதும், நூறடி நீந்த வேண்டியதில்லை.

கரையில் நிற்பவருக்கு இது நல்ல சேதி. அணையின் கல் அடுக்கிய சரிவு, பாலத்தடி, பழைய ஆற்று வாய்க்கால் கரையை ஒட்டி வளையும் இடம், பாறைச்சுவர் முடிந்து மண் சரிவு தொடங்கும் மூலை ஆகியவற்றில் ஆழம் உங்கள் வீச்சுக்குள்ளேயே கிடைக்கும். கோடையில் நீங்கள் மீன் பிடித்த தட்டையான, ஆழமில்லாத ஓடைமுகம் இப்போது பெரும்பாலும் காலி. விதிவிலக்கு, இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வெயிலடித்த பிறகு வரும் பிற்பகல். வட அமெரிக்காவில் குளிர்காலச் சூரியன் தெற்கில் தாழ்வாகப் போவதால் ஏரியின் வடகரைக்குத்தான் வெயில் நேராக விழும், வாடைக்காற்றிலிருந்து மறைவும் அங்கேதான். அந்தக் கரையில் கல்லும் இருந்தால் முதலில் அங்கே போங்கள், கல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். அப்புறம், செடி. இன்னும் பச்சையாக இருக்கும் நீர்ச்செடிக்குப் பக்கத்தில் மீன் நிற்கும். பழுப்பேறி அழுகும் செடி ஆக்சிஜனைத் தின்கிறது, அங்கே நேரத்தை வீணாக்காதீர்கள்.

இப்போது நரம்பு. உங்கள் 17 பவுண்ட் மோனோ கோடைக்குக் கச்சிதம், குளிருக்கு எதிரி. தடிமனாக இருப்பதால் லேசான இரையை அது ஆழத்துக்கு விடாது. நைலான் நீளும், அதனால் இருபதடி ஆழத்தில் மீன் மெல்ல வாயில் வாங்கித் துப்புவது உங்கள் விரலுக்கு வந்து சேராது. நான் குளிர்காலத்தில் நம்புவது ஃப்ளோரோகார்பன் என்ற பிளாஸ்டிக் நரம்பை. தண்ணீரைவிட முக்கால் பங்குக்கு மேல் கூடுதல் அடர்த்தி, தானாக மூழ்கும், இரைக்கும் ராட்டுக்கும் நடுவே வளைந்து தொங்குவது குறைவு. தண்ணீருக்குள் கண்ணில் படுவதும் குறைவு; குளிரில் தண்ணீர் தெளிந்து, மீனும் இரையை நிதானமாகப் பார்த்து முடிவெடுக்கும்போது அது கணக்கில் வரும். ஸ்பின்னிங் ரீலுக்கு (வீசும்போது ஸ்பூல் சுழலாத வகை) 8 பவுண்ட், ஜிக் (தலையில் ஈயம் வார்த்த முள்) கட்டும் பெயிட்காஸ்டருக்கு 12 பவுண்ட் போதும்.

பிரெய்டு (பல இழை பின்னிய) நரம்பு பிடித்தவர்கள் 10 பவுண்ட் பிரெய்டில் எட்டுப் பத்தடி ஃப்ளோரோகார்பன் முன்நரம்பை டபுள் யூனி முடிச்சுப் போட்டு இணைப்பார்கள். உணர்வு அதில் இன்னும் துல்லியம். ஆனால் காற்று உறைநிலைக்குக் கீழே போன நாளில் பிரெய்டு தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு வந்து ராட் வளையங்களில் விடும். கொஞ்ச நேரத்தில் வளையம் பனிக்கட்டியால் அடைத்துக்கொள்ளும். அந்த மாதிரி நாளுக்கு முழு ஃப்ளோரோகார்பன்தான். அதற்கும் ஒரு தொல்லை உண்டு: குளிரில் விறைத்து, ஸ்பூலில் சுற்றிய வடிவத்திலேயே சுருள் சுருளாக வெளியே வரும். 1000, 2000 அளவு சின்ன ஸ்பின்னிங் ரீலை விட்டு 2500 அல்லது 3000 எடுத்தால் சுருள் பெரிதாகி, சிக்கல் குறையும். முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனையுங்கள். உலர்ந்த ஃப்ளோரோகார்பன் முடிச்சு உராய்வில் சூடேறி அங்கேயே பலவீனப்படும், பெரிய மீன் வரும்போதுதான் அது தெரியவரும்.

ராட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வீர்கள். உங்கள் மீடியம் ஹெவி ராட் ஜிக்குக்கு அப்படியே போதும். வாங்குவதானால் ஏழடி மீடியம், ஃபாஸ்ட் ஆக்ஷன் (முனைப்பக்கம் மட்டும் வளையும்) ஸ்பின்னிங் ராட் ஒன்று வாங்குங்கள். ஷிமானோவா டைவாவா அபு கார்சியாவா என்ற சண்டையில் நான் இறங்குவதில்லை. நடுத்தர விலைக்கு மேலே எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. கடையில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: நீங்கள் போடும் ரீலை அதில் மாட்டிப் பிடித்தால் எடை முன்னால் சாய்கிறதா? சாய்ந்தால், நாள் முழுவதும் மெதுவாக இழுக்கும்போது மணிக்கட்டு கெட்டியாகிவிடும், உணர்வும் போய்விடும். அடித்தண்டு வெளியே தெரியும் ரீல் இருக்கை கோடையில் அருமை. ஜனவரியில் அந்தக் கார்பன் தண்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் விரல் மரத்துப்போகும். கார்க் கைப்பிடி குளிரில் சுகம்.

ரீலின் பல்சக்கர விகிதத்தை வைத்துப் பலர் ரொம்பவே யோசிக்கிறார்கள். ஜிக்கை நகர்த்துவது ராட். ரீல் தளர்ந்த நரம்பைச் சுற்ற மட்டும். அங்கே 7:1 (கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ஸ்பூல் ஏழு சுற்று) இருந்தாலும் கெடுதலில்லை. கிராங்க்பெயிட் (இழுத்தால் முங்கி ஆடும் பிளாஸ்டிக் மீன்) இழுக்கும்போது மட்டும் 5:1 பக்கம் உள்ள மெதுவான ரீல் உதவும், ஏனென்றால் கை தன்னையறியாமல் வேகமெடுக்கும். இன்னொன்று, ரீலுக்குள் கெட்டியான கிரீஸ் அதிகம் பூசியிருந்தால் குளிரில் அது இறுகி, சுற்றவே பாரமாகும். பேரிங்குகளுக்கு ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் போதும்.

இரைக்கு வருவோம். இரண்டை மட்டும் எடுத்துக்கொள் என்றால் நான் எடுப்பது சஸ்பெண்டிங் ஜெர்க்பெயிட், அப்புறம் ஒரு சின்ன ஜிக்.

ஜெர்க்பெயிட் என்பது நீண்டு மெலிந்த பிளாஸ்டிக் மீன். இழுத்தால் இரண்டு பக்கமும் வெட்டி ஓடும், விட்டால் மிதக்காமலும் மூழ்காமலும் அதே ஆழத்தில் நிற்கும். ரப்பாலா ஹஸ்கி ஜெர்க், ஸ்மித்விக் ரோக், மெகாபாஸ் விஷன் 110 எல்லாம் இந்த வகை. இது ஏன் குளிரில் வேலை செய்கிறது என்றால், அமெரிக்காவின் தெற்கு மாநில நீர்த்தேக்கங்களில் பாஸின் முக்கிய உணவு திரெட்ஃபின் ஷாட் என்ற சிறுமீன். தண்ணீர் ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே வந்தால் அது தாங்காது. ஒரு துடிப்பு, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு துடிப்பு என்று செத்துக்கொண்டிருக்கும். ஜெர்க்பெயிட் செய்வதும் அதையேதான்.

வீசி, ஆறேழு சுற்று வேகமாகச் சுற்றி ஆழத்துக்கு இறக்குங்கள். ராட் முனையைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்தி இரண்டு முறை சுண்டுங்கள். சுண்டிய உடனே முனையை இரையை நோக்கித் திருப்பிக் கொஞ்சம் தளர்வு கொடுங்கள், நரம்பு இறுக்கமாக இருந்தால் இரை நேராக நிற்காமல் முன்னே இழுபடும். இப்போது நிறுத்துங்கள். 10 டிகிரியில் நாலைந்து விநாடி. 7 டிகிரியில் பத்து. 5 டிகிரிக்குப் பக்கத்தில் பதினைந்து, இருபது கூட. வாய்க்குள் எண்ணுங்கள், இல்லாவிட்டால் உங்கள் இருபது உண்மையில் ஆறாக இருக்கும். கடி பெரும்பாலும் நிற்கும்போதுதான் வரும். முட்டி மோதி வராது. தளர்ந்து கிடக்கும் நரம்பு ஓர் அங்குலம் துள்ளும், அல்லது பக்கவாட்டில் நகரத் தொடங்கும், அல்லது அடுத்த சுண்டலில் ஈரத்துணி மாட்டியது போலக் கனக்கும். அப்போது ஓங்கி வெட்டாதீர்கள். மும்முள் சின்னது, மீன் லேசாகத்தான் கவ்வியிருக்கும். ராட்டைப் பக்கவாட்டில் அழுத்தமாகச் சாய்த்துச் சுற்றினால் போதும்.

பெட்டியில் ‘சஸ்பெண்டிங்’ என்று அச்சடித்திருந்தாலும் நம்பிவிட வேண்டாம். குளிர்ந்த தண்ணீர் சற்றே அடர்த்தி கூடியது என்பதால், கோடையில் அசையாமல் நின்ற இரை குளிரில் மெல்ல மேலே ஏறும். முதல் வீச்சுக்கு முன்னால் காலடியில், தெளிந்த தண்ணீரில் விட்டுப் பாருங்கள். ஏறினால் முன் மும்முள்ளின் தண்டில் மெல்லிய ஈயக்கம்பியை நாலு சுற்றுச் சுற்றி மறுபடி விடுங்கள். மூக்கு லேசாகக் கீழே சாய்ந்து, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் இறங்கினால் அதுதான் சரியான நிலை. இந்த இரண்டு நிமிட வேலையைச் செய்பவருக்கும் செய்யாதவருக்கும் வித்தியாசம் புது ராட்டை விடப் பெரிது.

ஜிக்குக்கு கால் அவுன்ஸ் முதல் எட்டில் மூன்று அவுன்ஸ் வரை. முள்ளைச் சுற்றியிருக்கும் பாவாடை ரப்பரைக் குட்டையாக வெட்டி, பின்னால் அதிகம் அலையாத சின்ன டிரெய்லர் (ரப்பர் வால்) போடுங்கள். கோடையில் போடும் படபடக்கும் கொடுக்கு வேண்டாம். மான் வால் முடியில் கட்டிய ஜிக் இன்னும் நல்லது, அசைக்காமலே முடி தானாக மூச்சு விடும். அதைத் துள்ள விடாதீர்கள். கல்லின் மேல் ராட்டால் இழுத்து, தடை பட்டதும் நின்று, அழுத்தம் கொடுத்து, தாண்டியதும் மறுபடி நில்லுங்கள். ஒரு வீச்சு முடிய மூன்று நிமிடம் ஆனால் வேகம் சரி.

கரையிலிருந்து வீசுபவருக்கு ரகசியம் மாதிரி ஒரு முறை உண்டு, ஃப்ளோட் அண்ட் ஃப்ளை. டென்னசி, கென்டக்கி மலைப்பகுதியின் தெளிந்த, ஆழமான நீர்த்தேக்கங்களில் வளர்ந்தது. பதினாறில் ஒரு பங்கு அவுன்ஸ் முடி ஜிக்கைத் தக்கைக்குக் கீழே பத்தடி, பன்னிரண்டடியில் தொங்கவிட்டு, காற்றலை தக்கையை ஆட்டும்படி விட்டுவிடுவது. அவ்வளவு நீளத்தை வீச எட்டு, ஒன்பதடி மெல்லிய ராட் தேவை. நடுத்தண்ணீரில் மிதந்து நிற்கும் ஸ்மால்மவுத் பாஸுக்கு இது போல வேறில்லை, இரை அந்த ஆழத்தை விட்டு நகரவே நகராது.   

மற்றவை சுருக்கமாக. படகில் போகும் நாளில், நேர்கீழே மீன் தெரிந்தால் பிளேடு பெயிட்டை (தட்டையான உலோக இரை) அடிக்கு இறக்கி ஓரடி உயர்த்தி விடுங்கள், கடி இறங்கும்போது வரும். கிராங்க்பெயிட் போட்டால் தட்டையான உடலுள்ள, ஒடுக்கமாக நடுங்கும் வகை. பல இரை கட்டும் அலபாமா ரிக் 2011-ல் கன்டர்ஸ்வில் ஏரிப் போட்டியில் பால் எலியாஸ் வென்றதிலிருந்து பிரபலம், குளிரில் கொல்லும். ஆனால் எத்தனை முள் அனுமதி என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், கரைக்கல்லில் மாட்டினால் மொத்தமும் போச்சு. உங்கள் ஸ்பின்னர்பெயிட்டைத் தூக்கிப் போட வேண்டாம். அரை அவுன்ஸுக்கு மேல் எடை, ஒரே ஒரு வட்டமான கொலராடோ பிளேடு. பிளேடு சுழல்வது கையில் தெரியும் அளவுக்கு மட்டும், அடியை ஒட்டி உருட்டுங்கள்.

நேரத்துக்கு வந்தால், விடியற்காலை எழுந்து நடுங்க வேண்டியதில்லை. பதினொரு மணி முதல் நாலு மணி வரை நல்ல வேளை. தண்ணீர் எத்தனை டிகிரி என்பதை விட அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பது முக்கியம். 6 டிகிரியிலிருந்து 7-க்கு ஏறிய ஏரி, 11-லிருந்து 8-க்கு விழுந்த ஏரியை விட நல்லது. மேகம் திரண்டு காற்றழுத்தம் இறங்கும் நாளில் போங்கள். குளிர்காற்று அலை கடந்து வானம் துடைத்து விட்டதுபோல் நீலமாக இருக்கும் மறுநாள் வீட்டில் ரீலுக்கு எண்ணெய் போடலாம். ஃபுளோரிடா வகை லார்ஜ்மவுத் உள்ள ஏரியானால் இது இரட்டிப்பு உண்மை, குளிர் அடித்தால் அவை அடியோடு வாயை மூடிக்கொள்ளும். ஒரு மீன் கிடைத்தால் காலை நகர்த்தாதீர்கள். குளிரில் பாஸ் கூட்டமாக ஒண்டி நிற்கும். அதே கல்லுக்கு, அதே கோணத்தில், இன்னும் பத்து வீச்சு.

வளையத்தில் பனி கட்டினால் விரலால் பிய்க்கக் கூடாது, உள்ளே இருக்கும் பீங்கான் வளையம் விரியும் அல்லது கழன்று விழும். ராட் முனையைத் தண்ணீரில் முக்கி எடுங்கள், கரைந்துவிடும். கிளம்பும் முன் வளையங்களில் உதட்டுக்குப் பூசும் பாம் தேய்த்தால் பனி பிடிக்கத் தாமதமாகும். மீனைத் தொடும்போது கையுறையைக் கழற்றிக் கையை நனையுங்கள். உறையும் காற்றில் செவுளும் கண்ணும் சீக்கிரம் கெடும், படம் எடுப்பதானால் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு பிறகு மீனைத் தூக்குங்கள். முப்பதடிக்குக் கீழிருந்து மேலே கொண்டுவந்த மீனுக்குக் காற்றுப்பை உப்பிவிடும், திரும்ப விட்டாலும் மிதந்து கிடக்கும். விட்டுவிடும் எண்ணமிருந்தால் அவ்வளவு ஆழத்தில் குறிவைக்காதீர்கள்.

படகு நாளில் உயிர்காப்பு அங்கியை இருக்கைக்கடியில் வைக்காமல் உடம்பில் போட்டுக்கொள்ளுங்கள். குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுப்பாட்டில் இருக்காது, அடுத்த பத்து நிமிடம் வரைதான் கைகால் சொன்னபடி கேட்கும். நீந்தத் தெரியும் என்பது அங்கே உதவாது. எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றை மாட்டிக்கொள்வது 26 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு அமெரிக்காவில் 2021 ஏப்ரல் 1 முதல் சட்டமும் கூட. அப்படியே உங்கள் மாநிலத்தின் குளிர்கால விதிகளையும் பாருங்கள், சில இடங்களில் பாஸைப் பிடித்தால் உடனே விட்டாக வேண்டும்.

கடைசியாக, வாங்கும் வரிசை. முதலில் 12 பவுண்ட் ஃப்ளோரோகார்பன் சுருள் ஒன்று, உங்கள் பெயிட்காஸ்டருக்கு. கூடவே ஷாட் நிறத்தில் ஒரு ஜெர்க்பெயிட், பழுப்பு ஜிக் நாலு, ஈயக்கம்பி, தண்ணீரில் விடும் ஒரு சின்ன வெப்பமானி. இதை வைத்து வடகரைக் கல்சரிவில் இரண்டு வாரம் பாருங்கள். கடி வரத் தொடங்கி, லேசான இரையை வீச அந்த ராட் தடிமனாக இருக்கிறது என்று உங்கள் கைக்கே தோன்றும்போது ஸ்பின்னிங் ராட்டும் 2500 ரீலும் வாங்குங்கள். அந்த 17 பவுண்ட் மோனோவை எறியாதீர்கள். மெதுவாக மட்டும் மூழ்கும் அதன் குணம் தண்ணீர் மேல் ஓடும் டாப்வாட்டர் இரைக்குத் தேவைப்படும், மே மாதம் மறுபடி சுற்றிக்கொள்ளலாம்.